போர்மேன் வண்டியின் சத்தம்

பிள்ளைகளா, போன வாரம் நம் மோட்டார் சைக்கிள் பட்டறைப் பக்கம் வந்திருந்தேன். ஓய்வு பெற்ற மனுசன் வீட்டில் இருக்க வேண்டியதுதானே என்று நீங்கள் மனதுக்குள் நினைத்தது எனக்குத் தெரியும். டீயும் வடையும் வாங்கிக் கொடுத்தீர்கள், அதனால் மன்னித்தேன். அன்றைக்கு உங்களில் ஒருவர், மதுரையிலிருந்து வந்திருந்த பழைய ஐந்நூறு சிசி வண்டியின் சைலன்சருக்குப் பின்னால் போனைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஏறி இறங்கிய சத்தக் கோடுகளைக் காட்டி, எல்லாம் செட் ஆகிவிட்டது என்றார். கோடு நன்றாகத்தான் இருந்தது. என் காதும் அதையேதான் சொன்னது. இந்த வண்டியில் ஏறப்போகிறவர் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை. அவருக்கு முட்டிவலி உண்டா, கடைசியாக எப்போது கியர் வண்டி ஓட்டினார், ஏன் இந்த வண்டியை இப்போது ஓட்ட நினைக்கிறார், ஒன்றும் தெரியாது.

அன்றைக்கே திட்டித் தீர்த்திருப்பேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆகவே எழுதுகிறேன்.

பழைய பிரிட்டிஷ் வண்டியைப் பிரித்து மாட்டுவது பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. என்னைவிட உங்களுக்கு அது நன்றாக வருகிறது. இந்தத் தொழிலுக்கு இன்று இருக்கிற மவுசைப் பார்த்தால், நாற்பது வருடம் முன்னால் பிறந்துவிட்டேனே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. ஆனால் மாட்டி முடித்த வண்டியை ஓட்டிப் பார்த்துச் சரிசெய்வது தனி வேலை. அங்கே வண்டி பாதி, ஆள் பாதி. அதைச் சொல்ல எனக்குத் தெரிந்த ஒரே வழி, போர்மேன் வண்டியின் கதையைச் சொல்வதுதான்.

அதற்கு முன்னால் நம் பட்டறையின் சட்டம். புதிதாக உயிர் கொடுத்த வண்டியை முதலில் அருப்புக்கோட்டை ரோட்டில்தான் விட வேண்டும். அதன் இருமலெல்லாம் நின்ற பிறகுதான் சிவகாசி ரோடு. சேலத்திலிருந்து புதிதாக வந்து சேர்ந்திருக்கிற பெண், இது அண்ணாச்சி பார்க்கிற சகுனம் என்று சிரித்ததாகக் கேள்விப்பட்டேன். சகுனம் இல்லை அம்மா. வெளியூர்ப் பழைய வண்டிக்காரர்கள் சிலர் ஒருமுறை கூட்டமாக இந்தப் பக்கம் வந்தார்கள். வழிகாட்ட நானும் கூடப் போனேன். சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியின் வேலியோரமாகப் போகும்போது முன்னால் போனவர் ஆக்சிலேட்டரை மூட, அவர் வண்டி சைலன்சர் வழியாக ஒருமுறை 'டொப்' என்றது. அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவருக்கு அது பழைய வண்டியின் கனைப்பு. நான் பின்னால் வந்துகொண்டிருந்ததால் மிச்சத்தைப் பார்த்தேன். கண் மூடித் திறப்பதற்குள் அத்தனை ஷெட்டும் காலி. வெறுங்காலோடு பெண்கள் வேலிக்கருவைக்குள் விழுந்தடித்து ஓடினார்கள். எந்த ஷெட், யார் உள்ளே என்று ஒருத்தர் பேரை ஒருத்தர் கூப்பிட்டுத் தேடினார்கள். வண்டிச் சத்தம்தான், வேறொன்றுமில்லை என்று நான் போய்ச் சொன்னபோது யாரும் திட்டவில்லை. காலில் முள் கிழித்த ஒரு அக்கா குடிக்கத் தண்ணீர் கேட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அந்தச் சட்டத்தை நான் வெகு கறாராகக் கடைப்பிடித்து வந்த நாளில்தான் பேச்சியம்மாள் வந்தாள். தங்கச்சி என்று கூப்பிட்டே பழகிவிட்டதால் 'வந்தாள்' என்றே எழுதுகிறேன். கேட்டால் அவளே அதைத்தான் விரும்புவாள்.

சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து குட்டியானை வேனில் ஒரு வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினாள். வைக்கோல் தூசியும் கோழி எச்சமும் ஒரு விரற்கடை ஏறிக் கிடந்தது. டேங்கைத் துடைத்துப் பார்த்ததும் எனக்கு வாய் அடைத்துவிட்டது. என்ன வண்டி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் யார் வீட்டு வண்டி என்று மாவட்டத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்துவிடும். பெயர்களையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஒற்றை சிலிண்டர். பேட்டரி இல்லாமல் தானே பொறி உண்டாக்கிக்கொள்ளும் மேக்னெட்டோ. என்ஜினை அணைக்கக் கைப்பிடியில் ஒரு சின்னப் பொத்தான். ஆலங்குளம் சிமெண்ட் ஆலையில் வேலை பார்த்த ஒரு என்ஜினியர் ஊரைவிட்டுப் போகும்போது, அவள் வீட்டுக்காரர் கல்யாணத்துக்கு முன்னால் அவரிடமிருந்து வாங்கிய வண்டி.

வீட்டுக்காரர் பெயர் குருசாமி. ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். போர்மேன் என்றால் ஏதோ மேஸ்திரி என்று நினைக்காதீர்கள். எந்த அறையில் எத்தனை பேர் உட்காரலாம், எவ்வளவு வெடிமருந்து வைக்கலாம், வெயில் ஏறிவிட்டதா, வேலையை நிறுத்தலாமா, எல்லாம் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும். அத்தனை பேர் உயிரும் அவர் கண்ணில் இருக்கிறது. முந்தின கோடையில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அவருடைய கம்பெனியில் மருந்து அறை ஒன்று வெடித்துவிட்டது. எல்லாரும் வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்துகொண்டிருந்தார்கள். உயிர்ச்சேதம் இல்லை. அறையைப் பூட்டியாயிற்றா என்று பார்க்க அதை நோக்கி நடந்துகொண்டிருந்தவர் குருசாமி மட்டும்தான். தூக்கி எறிந்ததில் மணலில் விழுந்தார். முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். ஊரே திரண்டு இருக்கன்குடி மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தது.

"மேலுக்கு ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. ஆனா ஆளு வீட்டுக்குள்ளயே உக்காந்துட்டாக," என்றாள் பேச்சியம்மாள்.

மீதியை அவள் சொன்னபடியே சொல்கிறேன். காற்றில் கதவு அடித்தால் அவர் எழுந்து உள்ளறைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவார். தெருவில் கல்யாணம், வேட்டு என்றால் அன்றைக்கெல்லாம் சாப்பாடு இறங்காது. கம்பெனிக்காரர் நல்ல மனுசர், இடத்தை அப்படியே வைத்திருந்தார். நாளைக்கு வருகிறேன் என்று இவரும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதுரை டாக்டர் மாத்திரை கொடுத்து, அவருக்குப் பிடித்த காரியம் எதிலாவது மெல்ல இழுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். என்ன பிடிக்கும் என்று இவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன ஒரு நாளில், வண்டி ஓடினால் ஓட்டலாம் என்று அவர் வாய் திறந்தார். ஒரு வருடத்தில் அவர் ஆசையாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அன்று சாயங்காலமே அவள் தொழுவத்தில் இறங்கி வண்டியைத் தோண்டி எடுத்துவிட்டாள்.

"எனக்குக் கண்டிசன் ஒண்ணே ஒண்ணுதான் அண்ணாச்சி. டப்புன்னு ஒரு சத்தம் வரப்படாது. ஓட்டும்போது ஒருக்க வந்துச்சுன்னா, பெறகு அவுகள வெளிய கொண்டாரவே முடியாது."

நான் சரி என்றேன். வாக்குக் கொடுக்கிற நேரத்தில் யாருக்கும் கை நடுங்குவதில்லை.

வண்டியைப் பிரித்தது, சாமான் தேடியது, மாட்டியது எல்லாம் உங்களுக்குத் தெரிந்த பாடு, விடுங்கள். முதல் உதைக்கே கிளம்பியது. அதற்குப் பிறகுதான் என் வேலை ஆரம்பம். பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகக் குடிக்க விட்டேன். பொறியைக் கொஞ்சம் முன்கூட்டியே விழவைத்தேன். சைலன்சர் குழாய் சேர்கிற இடத்தில் காற்றுப் புகாமல் அடைத்தேன். சைலன்சருக்குள் கம்பி வலையைச் சுருட்டி, அதன்மேல் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தேன். அருப்புக்கோட்டை ரோட்டில் மேடு, பள்ளம், வேகம், நிதானம் என்று காலையும் மாலையும் ஓட்டினேன். திடீர் திடீரென்று ஆக்சிலேட்டரை மூடி அதைச் சீண்டிப் பார்த்தேன். ஒரு முணுமுணுப்புகூட வரவில்லை. தூணோரம் தூங்குகிற பூனை மாதிரி இருந்தது. டீக்கடைக்காரர் இது கரண்ட் வண்டியா என்று கேட்டார். எனக்குத் தலை கொஞ்சம் கனத்துப் போனது உண்மைதான்.

குருசாமி ஒரு காலையில் பேச்சியம்மாளோடு பஸ்ஸில் வந்தார். நெடுநெடு என்று உயரம், கழுத்து வரை பொத்தான் போட்ட பருத்திச் சட்டை. வாசலில் நின்று, உள்ளே நுழையுமுன் இரும்புக் கேட்டில் உள்ளங்கையை வைத்து எடுத்தார். பட்டாசு அறைக்குள் போகும்போது உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக அப்படித் தொட்டுவிட்டுப் போவார்கள். ஒரு வருடமாக வேலைக்குப் போகாதவர். அந்தக் கை மட்டும் லீவு போடவில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த மனுசனைப் பிடித்துப் போயிற்று.

வண்டியைக் கண்டதும் சுற்றிச் சுற்றி வந்தார். டேங்கைத் தடவினார். எவ்வளவு மெலிந்துவிட்டாய் என்று ஏதோ ஊருக்குப் போய் வந்த பிள்ளையிடம் கேட்பதுபோல அதனோடு பேசினார். பேச்சியம்மாள் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏறி உட்கார்ந்து ஒரே உதையில் கிளப்பினார். வலது காலில் கியர், இடது காலில் பிரேக், எதுவும் அவர் காலுக்கு மறக்கவில்லை. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அருப்புக்கோட்டை ரோடு, வெயில் ஏறாத நேரம். நான் பெரிய சாதனையாளனைப் போல உட்கார்ந்திருந்தேன்.

கொஞ்ச தூரத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஆக்சிலேட்டரை மூடும்போதெல்லாம் அவர் தோள் இரண்டும் காது வரை ஏறின. வண்டி முனகாமல் வேகம் குறைந்ததும் தோள் இறங்கவில்லை, இன்னும் ஏறியது. அடுத்த திருப்பத்தில் அதே கதை. சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. புளியமரம் ஒன்றின் கீழே வண்டியை நிறுத்தி, அணைத்து, ஸ்டாண்டு போட்டு, கைப்பிடியை விடாமல் நின்றார்.

"வண்டி தங்கமா இருக்கு அண்ணாச்சி. ஆனா இது எப்ப வெடிக்கும்னு எனக்குத் தெரியலயே."

எனக்குச் சுருக்கென்றது. இது வெடிக்கவே வெடிக்காது, என் மேல் ஆணை என்றேன்.

அவர் என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. விவரம் தெரியாதவனுக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். "எங்க தொழில்ல வெடிச்ச வெடிக்கு நாங்க பயப்படுறதில்ல. வெடிக்காமக் கெடக்குது பாருங்க, அதுகிட்டதான் யாரும் போக மாட்டோம்."

அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏறிக்கொண்டார். நான் அந்தப் பூனை வண்டியைத் தனியாக ஓட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்து சேர்ந்தேன். அங்கே காத்திருந்த பேச்சியம்மாளும் விவரம் கேட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் போனாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது. அன்று சாயங்காலம் பேச்சியம்மாள் போன் செய்து, வண்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் என்றாள். குரலில் அழுகை இல்லை. அழுகை இருந்திருந்தால் ஆறுதல் சொல்லியிருக்கலாம்.

இரண்டு நாள் எனக்கு யாரைக் கண்டாலும் எரிச்சல். அப்போது பட்டறையில் இருந்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். என் வேலையில் குறை இல்லை என்று எனக்குள் வாதாடிக்கொண்டே இருந்தேன். குறை இல்லாத வேலை ஏன் ஒருவருக்கும் பயன்படவில்லை என்ற கேள்வி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. அப்போதுதான் என் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது நடந்த தீபாவளிகள் ஞாபகம் வந்தன. நான் வெடி வைத்தால் அவள் தூணுக்குப் பின்னால் நின்று இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, வெடிக்கும் முன்பே அழுவாள். ஊதுபத்தியை அவள் கையில் கொடுத்துவிட்டால், குனிந்து, திரியைக் கண்ணால் பார்த்து, வைத்துவிட்டுத் திரும்பி நடந்து வருவாள். காதைப் பொத்தக்கூட மாட்டாள். அதே வெடிதான், அதே பிள்ளைதான்.

நான் என்ன செய்திருந்தேன்? போர்மேனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, இன்னும் வெடிக்காத வெடி ஒன்றைக் கையில் கொடுத்து, இதன்மேல் உட்கார் என்று சொல்லியிருந்தேன்.

ஊதுபத்தி அந்த வண்டியிலேயே இருந்தது. அணைக்கும் பொத்தானைச் சொல்கிறேன். இந்த வித்தை உங்களுக்குத் தெரியும், தெரியாதது போல நடிக்க வேண்டாம். வண்டி ஓடும்போது பொத்தானை அழுத்திப் பிடித்தால் பொறி நின்றுவிடும், பெட்ரோல் மட்டும் எரியாமல் சூடான சைலன்சருக்குள் போய்ச் சேரும். கையை எடுத்தால் அத்தனையும் ஒன்றாகப் பற்றிக்கொள்ளும். அந்தச் சத்தம் வரும் நேரம், அழுத்துகிறவனுக்குத் தெரியும்.

ஆனால் தம்பிகளா, இது கார்புரேட்டர் ஊசியை ஒரு படி ஏற்றி இறக்குகிற சமாச்சாரம் இல்லை. தவறாகப் போனால் ஒரு மனுசன் சுவரைப் பார்த்து உட்கார்ந்தபடியே போய்விடுவான். அவரிடம் சொல்லாமல், ஓட்டிக்காட்டுகிற சாக்கில் நானே ஒருமுறை அழுத்திவிட்டால் என்ன என்றுகூட எனக்குத் தோன்றியது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று அதற்கு ஒரு பழமொழியும் தயாராக இருந்தது. அவர் கையாலேயே அழுத்த வைப்பது, சொல்லாமல் நானே அழுத்துவது, இரண்டையும் பேச்சியம்மாளிடம் சொன்னேன்.

"சொல்லாம வந்ததுதான அண்ணாச்சி அன்னைக்கும்," என்றாள். "அவுககிட்ட சொல்லுவோம். சம்மதிச்சா செய்வோம்."

டாக்டரிடமும் அவளே கேட்டாள். அவராக முன்வந்தால் சரி, யாரும் நெருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். குருசாமியிடமும் அவளே விஷயத்தைச் சொன்னாள். நாலாம் நாள், எங்கே வைத்து என்று மட்டும் கேட்டாராம்.

எங்கே என்பதுதான் அடுத்த தலைவலி. நம் பக்கத்தில் வேண்டுமென்றே 'டொப்' என்று ஒரு சத்தம் போடுவதற்கு எங்கே இடம்? எந்தத் திசையில் போனாலும் ஏதாவது ஒரு ஷெட்டைக் காலி செய்துவிடுவோம். யோசித்து யோசித்து ஆலங்குளத்தைப் பிடித்தேன். அங்கே சுண்ணாம்புக்கல் வெட்ட வெடி வைக்கிறார்கள். முதலில் சங்கு ஊதும், பிறகு வெடிக்கும். பிறந்த குழந்தைக்குக்கூட அந்தச் சத்தம் பழக்கம். வண்டியைக் குட்டியானையில் ஏற்றி, பட்டாசுக் கம்பெனிகளைத் தவிர்க்க ராஜபாளையம் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய், ஊருக்கு வெளியே வெள்ளைப் புழுதி படிந்த ஒரு பழைய பாதையில் இறக்கினேன். கணவனும் மனைவியும் முன்னால் உட்கார்ந்து வந்தார்கள். நான் பின்னால் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

குருசாமி ஏறி உட்கார்ந்து என்ஜினைச் சூடாக்கினார். பொத்தானைப் பற்றி நான் விளக்க ஆரம்பித்தேன். பாதியில் பேச்சியம்மாள் முகத்தைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அந்த நேரத்தில் சிரிப்பு.

"அவுகளுக்கா சொல்லித் தாரீக? கல்யாணத்துக்கு முந்தி எங்க தெருவுல வந்து இதத்தான செஞ்சாக. எங்கய்யா கம்பு எடுத்துட்டு வெரட்டுனாரு."

குருசாமி தலையைக் குனிந்துகொண்டார். காது சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் கட்டைவிரல் பொத்தானுக்குப் பக்கத்தில் போய்ப் போய்த் திரும்பிவிட்டது. என்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறியது. நான் எட்டும் தூரத்தில்தான் நின்றேன். ஒரு விரலை நீட்டினால் முடிந்துவிடும் காரியம். என் கை என்னை மீறி எழுந்தே விட்டது.

நாற்பது வருடத் தொழிலில் நான் செய்த கடினமான வேலை, அந்தக் கையை இறக்கிப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டதுதான். உங்களுக்கும் இந்தக் கை நீளும். ஓட்டுகிறவன் திணறும்போது, எனக்குத் தெரியுமே, நான் செய்து கொடுத்துவிடுகிறேன் என்று துடிக்கும். அவன் கேட்காதவரை நீட்டாதீர்கள்.

எவ்வளவு நேரம் போயிற்று என்று தெரியாது. தூரத்தில் ஒருவர் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பாதையைக் கடந்தார். குருசாமி தலையை நிமிர்த்தி அந்த ஆடுகளைப் பார்த்தார். கடைசி ஆடு கடந்து, ஆட்டுக்காரரும் மேட்டுக்கு அப்பால் இறங்கும் வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார், பின்னால் திரும்பி எங்களைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் தள்ளி நில்லுங்க."

நான் அதுவரை கேட்டிராத குரல். பேச்சியம்மாள் என் சட்டைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். போர்மேன் பேசுகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. குட்டியானைக்காரரையும் கையைக் காட்டி நகர்த்தினார். அவர் பீடியைப் பற்றவைத்திருந்தார். அதையும் அணைக்கச் சொன்னார். திறந்த வெளியில், ஒரு மோட்டார் சைக்கிள் சத்தத்துக்குப் பீடி எதற்கு அணைய வேண்டும் என்று நான் கேட்கவில்லை.

கியரைப் போட்டுக் கிளம்பினார். புழுதி எழும்பியது. பாதை வளைகிற இடம் வரை போனார். என்ஜின் சத்தம் திடீரென்று அறுந்தது. பேச்சியம்மாள் காதைப் பொத்தவில்லை, வாயைப் பொத்திக்கொண்டாள். 'டமார்' என்று வெடித்தது பாருங்கள், நானே ஓர் அடி பின்னால் போய்விட்டேன். வண்டி ஒருமுறை தள்ளாடி நின்றது. குருசாமி கைப்பிடியின்மேல் கவிழ்ந்திருந்தார். அவள் ஓடத் தொடங்கினாள். நானும் ஓடினேன், எனக்கு ஏது ஓட்டம்.

நாங்கள் பாதி தூரம் போவதற்குள் அவர் நிமிர்ந்தார். திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தி எங்களை நிற்கச் சொன்னார். மறுபடி உதைத்துக் கிளப்பிப் போனார். மறுபடி சத்தம் அறுந்தது. மறுபடி வெடித்தது. இந்தமுறை வண்டி தள்ளாடவில்லை. மூன்றாவது முறை என் சைலன்சருக்குள் நான் பார்த்துப் பார்த்துத் திணித்த பஞ்சும் வலையும் பிய்த்துக்கொண்டு பின்னால் பறந்தன. அதோடு வண்டியின் சொந்தக் குரல் வெளியே வந்தது. தம் தம் என்று கனத்த, சோம்பலான, அந்தப் பழைய ஒற்றை சிலிண்டர் குரல். அதை இத்தனை நாள் நான்தான் கழுத்தை நெரித்து வைத்திருந்தேன்.

பக்கத்தில் வந்து நிறுத்தினார். முகமெல்லாம் வெள்ளைப் புழுதி, அதில் கண்ணீர் வழிந்த தடம். துடைத்துக்கொள்ளவில்லை. பயம் போய்விட்டதா என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதுதான்.

"இருக்கு," என்றார். "இருக்கட்டும் அண்ணாச்சி. பயம் இல்லாதவன் எங்க வேலைக்கு ஆக மாட்டான்." பிறகு மனைவியைப் பார்த்து, "பேச்சி, ஏறு," என்றார்.

அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டு பேரும் போய்விட்டார்கள். நானும் குட்டியானைக்காரரும் ஒரு கருவை நிழலில் உட்கார்ந்து, அவர்கள் திரும்பி வருகிற வரை வேர்க்கடலை தின்றோம். எனக்கு அழுகையும் வந்தது. கடலைக்காரத்தின்மேல் பழியைப் போட்டேன்.

அடுத்த வாரம் குருசாமி வேலைக்குப் போய்விட்டார். முதல் நாள் மத்தியானம் பேச்சியம்மாள் போன் செய்தாள். வண்டி அப்போது சைலன்சர் வேலைக்காக நம் பட்டறையில் நின்றது. ஆள் காலையில் பஸ்ஸில் போயிருக்கிறார், கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டிலேயே நின்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்களாம், என்றாள். நல்லதாப் போச்சு தங்கச்சி என்றேன்.

"ஒரு வருசம் அவுக பயந்துக்கிட்டுக் கெடந்தாக. நான் நிம்மதியா இருந்தேன் அண்ணாச்சி. ஆளு கண்ணு முன்னால இருந்தாகல்ல. இப்ப அவுகளுக்கு எறங்கிருச்சு, எனக்கு ஏறிருச்சு. காலைலருந்து ஒரு வேல ஓடல."

அவளுடைய கணவனை நானும் அவளுமாகச் சேர்ந்து சரிசெய்து, அவர் தூக்கி எறியப்பட்ட அதே இடத்துக்கு அனுப்பிவைத்திருக்கிறோம். இதை நான் யோசிக்கவே இல்லை. அவள் முதல் நாளிலிருந்தே யோசித்திருக்கிறாள். யோசித்தும், தொழுவத்தில் இறங்கி அந்த வண்டியை வெளியே எடுத்திருக்கிறாள்.

சைலன்சருக்குப் புதுப் பஞ்சு வைத்து முந்தி மாதிரியே சத்தமில்லாமல் ஆக்கித் தருகிறேன் என்று உளறினேன்.

"வேண்டாம் அண்ணாச்சி," என்றாள். "இனி அவுக வண்டிலதான் போய்ட்டு வரப் போறாக. சாயங்காலம் விலக்குல திரும்புறது அடுப்படில எனக்குக் கேக்கணும். அதுக்குத் தக்கன செஞ்சு தாங்க."

'டொப்' சத்தம் எக்காரணம் கொண்டும் வராது, கம்பெனிப் பக்கம் போவதற்கு முன்பே வண்டியை டீக்கடையில் விட்டுவிட்டு நடந்து போக வேண்டும், இந்த இரண்டையும் குருசாமியிடம் உறுதி வாங்கிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், இதை நீ எனக்குச் சொல்கிறாயா என்று இருந்தது. பெட்ரோலையும் பொறியையும் அந்த வண்டிக்குரிய அளவில் வைத்தேன். சத்தத்தை எவ்வளவு வைப்பது என்பதற்கு மட்டும் என்னிடம் அளவு இல்லை. ஆகவே வண்டியை அவர்கள் ஊருக்கே கொண்டுபோனேன்.

மெயின் ரோட்டிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் வண்டியோடு நான் நின்றேன். வீட்டில் அடுப்படிக்குள் போனைக் காதில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் நின்றாள். பஞ்சைக் கொஞ்சம் வைத்து, விலக்கில் ஒரு திருப்பம் திருப்பி, கேட்கிறதா என்று போனில் கேட்டேன். இல்லை என்றாள். சைலன்சர் மூடியைக் கழற்றிக் கொஞ்சம் உருவினேன். இப்போது? ஏதோ லாரி மாதிரி இருக்கிறது, அவுக வண்டி மாதிரி இல்லை என்றாள். சைலன்சர் சூட்டில் விரல் சுட்டது. கழற்றி, உருவி, மாட்டி, திருப்பி, வெயிலில் நான் வெந்துகொண்டிருந்தேன். அவள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. மிளகாய் தாளிக்கிறேன், அந்தச் சத்தத்திலும் கேட்க வேண்டும், பொறுங்கள் என்றாள். பொறுத்தேன். அவள் எண்ணெயில் மிளகாயைப் போடுகிற சத்தம் எனக்கே கேட்டது. வண்டியைத் திருப்பினேன்.

"கேக்குது அண்ணாச்சி," என்றாள். "இதுதான். இதுல விட்ருங்க."

நான் மூடியை வைத்து ஸ்க்ரூவை இறுக்கினேன்.